சொர்ணம் விற்ற கமலாப் பழம்

கறம்பக்குடிச் சந்தையில் பழக்கடை போட்டிருந்த சொர்ணத்துக்கு வாய் கொஞ்சம் நீளம். தோல் லேசாகக் கழன்று சுளை பிரிகிற ஆரஞ்சு எதுவானாலும் அவளுக்குக் கமலாதான். "நாக்பூரா?" என்று கேட்டால், "பின்னே?" என்பாள். திருச்சி மண்டியிலிருந்து வருவதில் பாதி கொடைக்கானல் மலைப் பழம் என்று அவளுக்குத் தெரியும். ஆனால் வாங்குகிறவர்களுக்கு நாக்பூர் என்ற பேர்தானே இனிக்கிறது!

முப்பத்தெட்டாம் வருஷம் தை மாதம், பக்கத்து ஊர் அழகுமலை வந்து நின்றான். அவன் மனைவி அமராவதிக்கு மசக்கை. சோறு, கஞ்சி எதுவும் தங்காமல் ஆள் நாராய்ப் போயிருந்தாள். போன சந்தையில் வாங்கிய கமலா மட்டும் தங்கியதாம்.

"அதே நாக்பூர்ப் பழம் குடுங்கக்கா. அதுலதான் அவ உசுரு நிக்குது."

அன்றைக்கென்று நிஜமான நாக்பூர்ப் பழமே வந்திருந்தது. சொர்ணம் பெரிதாகப் பொறுக்கிக் கொடுத்தாள்.

சாயங்காலம் பழத்தோடு திரும்பி வந்தான். "ஒரு சுளைதான் தின்னா, வாந்தி எடுத்துட்டா. இது வேற பழம்ங்கிறா. நாக்பூர் எப்படிக்கா வேற ஆகும்?"

சொர்ணத்துக்கும் அதுதான் தெரிய வேண்டியிருந்தது. அதில் ஒன்றை உரித்துத் தின்றாள், வெல்லமாக இனித்தது. கூடையின் அடியில் போன வாரத்து மலைப் பழம் ஒன்று கிடந்தது. சின்னது, பச்சை மாறாத தோல். உரித்ததும் வாசனை மூக்கில் ஏறியது. இனிப்புக்குள் ஒரு புளிப்பு. இத்தனை காலம் விற்றும் இரண்டையும் சேர்த்துத் தின்று பார்த்ததில்லையே என்று அவளுக்கே வியப்பாக இருந்தது. இரண்டும் கமலாதான், ஒரு வயிற்றில் பிறந்த அக்கா தங்கச்சிக்கு வேறு வேறு குணம் இருப்பதில்லையா?

சும்மா இருந்துவிடலாம். ஆனால் இவன் எந்தச் சந்தைக்குப் போனாலும் நாக்பூர் என்றுதான் கேட்பான்.

"தம்பி, போன வாரம் குடுத்தது நாக்பூர் இல்ல. கொடைக்கானல் மலைக் கமலா. நாந்தான் பொய் சொன்னேன். எங்கிட்டுப் போனாலும் மலைக் கமலான்னு கேளு."

பழம் பொறுக்கிக்கொண்டிருந்த வெள்ளைச்சாமி நிமிர்ந்தார். "அப்ப நாங்க இம்புட்டு நாளாத் தின்னது?"

"அதுவுந்தான்ண்ணே."

அவர் பழத்தைக் கூடையில் போட்டுவிட்டு நடந்தார். மற்றவர்களும் போனார்கள். அவமானத்தில் அவளுக்குக் காது சுட்டது.

அடுத்த சந்தைக்கு மலைப் பழம் மட்டும் எடுத்து வந்தாள். யாரும் எட்டிப் பார்க்கவில்லை. மத்தியானம் அழகுமலை தோளைப் பிடித்துக்கொண்டு அமராவதியே வந்தாள்.

"ஆத்தா, இது நாக்பூர் இல்ல" என்றாள் சொர்ணம்.

"பேரையா திங்கப் போறேன்?"

அங்கேயே உட்கார்ந்து உரித்தாள். ஒரு சுளையை விழுங்கிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். சொர்ணம் மூச்சைப் பிடித்துக்கொண்டு அவள் தொண்டையையே பார்த்தாள். கொஞ்ச நேரம் கழித்து, கண்ணைத் திறக்காமலே, அமராவதி அடுத்த சுளையைப் பிய்த்தாள்.