சகலையின் நூறு ஹெர்ட்ஸ்

இரண்டு பாக்கு மரங்களுக்கு நடுவே, துணி காயப்போடும் பச்சை நைலான் கயிற்றால் இழுத்துக் கட்டிய ஒரு செம்புக் கம்பி. காரமடையில் என் சகலையின் தோட்டத்துக்கு முதல்முறை ரேடியோ ஆன்டெனா பார்க்கப் போனபோது அதைத்தான் காட்டினார். "இதுதானுங்கண்ணா" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கருமத்தம்பட்டியில் என் மொட்டைமாடியில் நாற்பதடிக் கோபுரம் நிற்கிறது. கிரேன் வைத்து ஏற்றியது. பஸ்ஸில் போகிறவர்கள் செல்போன் டவரா என்று விசாரிப்பார்கள். அந்தக் கோபுரத்தை வைத்துக்கொண்டு நான் பிடிக்க முடியாத நாடுகளையெல்லாம் அவர் அந்தத் துணிக்கொடியில் பிடித்தார். என் சிரிப்பு அன்றோடு சரி.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன்: எனக்கு அவர்மேல் பொறாமை. போட்டி மனப்பான்மை, ஆதங்கம் என்றெல்லாம் நாகரிகமாகச் சொல்லிப் பார்த்திருக்கிறேன், ஒன்றும் ஒட்டவில்லை. என் மனைவியின் தங்கையைக் கட்டியவர் அவர். பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். மாமனார் வீட்டில் மூத்த மாப்பிள்ளை நான், நோம்பி, பண்டிகைக்குப் போனால் முதல் இலை எனக்குத்தான் விழும். ஆனால் மாமனார் பேச்சுக் கொடுப்பதெல்லாம் இரண்டாவது இலையோடுதான். தோட்டத்தில் போர்வெல் எங்கே போடலாம் என்பதில் தொடங்கி மச்சினனுக்கு எந்தக் காலேஜ் என்பது வரை அவரைத்தான் கேட்பார். நான் பாயசத்தைக் கிண்டிக்கொண்டிருப்பேன். வீட்டுக்கு வரும் வழியில் மனைவி, "ஏனுங்க, மூஞ்சி எதுக்கு இப்பிடி இருக்குது? வயிறு எரியுதாக்கு?" என்பாள். எரியும்தான். அதிலும் கொடுமை, இந்த ரேடியோப் பைத்தியத்தை அவருக்குப் பிடிக்க வைத்தவனே நான். ஒரு பொங்கலுக்கு என் வீட்டுக்கு வந்தவரை உட்காரவைத்து மோர்ஸ் கேட்க வைத்தேன். அடுத்த பொங்கலுக்குள் என்னைவிட வேகமாகத் தட்டினார்.

இந்த விளையாட்டு தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. பரீட்சை எழுதி, அரசாங்கத்திடம் லைசென்ஸ் வாங்கிக்கொண்டு, சொந்த ரேடியோவில் உலகத்தின் எந்த மூலையிலோ இருக்கும் இன்னொருவரோடு பேசுவதுதான் அமெச்சூர் ரேடியோ. வாயால் பேசலாம். மோர்ஸில், அதாவது புள்ளியும் கோடுமாகத் தட்டியும் பேசலாம். வாயால் பேசினால் அலைவரிசையில் இரண்டாயிரத்து ஐந்நூறு ஹெர்ட்ஸுக்கு மேல் இடம் வேண்டும். மோர்ஸுக்கு நூறு, நூற்றைம்பது போதும். இருக்கிற கொஞ்சம் சக்தியையும் அந்தச் சந்துக்குள்ளேயே அனுப்பினால் அது வெகுதூரம் போகும். கேட்பவரும் தன் ரிசீவரில் அந்தச் சந்தை மட்டும் திறந்துவைத்து மற்ற இரைச்சலை அடைத்துவிடலாம். சகலையின் செட்டு வெறும் ஐந்து வாட். சின்னக் குண்டு பல்பு எரியக்கூடப் பத்தாது. ஆனால் அவர் தட்டினால் புல்லாங்குழலில் ஒரே சுரம் பிடித்த மாதிரி இருக்கும். அதற்கு இந்தப் பக்கம் ஒன்றுமில்லை, அந்தப் பக்கம் ஒன்றுமில்லை. சென்னைக்காரர் ஒருவர் அலைவரிசையில் எல்லோரும் கேட்க, "காரமடைக்காரர் சிக்னல்னா அதான் சிக்னல்" என்றார். நூறு வாட் வைத்திருந்த என்னைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அந்த வாரம்தான் நான் அந்தக் காரியத்தைச் செய்தேன். அது தறிக்காரன் புத்தி. விசைத்தறியில் ஊடைநூல் சுமந்து ஓடும் நாடாவைச் சுள்ளென்று அடித்தால்தான் மறுகோடிக்குப் போய்ச்சேரும். மெத்தென்று அடித்தால் பாதியில் நின்று நூலை அறுத்துவிடும். முப்பது வருஷமாக அந்தச் சத்தத்திலேயே இருப்பவனுக்கு, அடி என்றால் அடிதான். நான் சொந்தமாகக் கட்டிய டிரான்ஸ்மிட்டரில் ஒரு கெப்பாசிட்டர் இருந்தது. மோர்ஸ் தட்டும் கீயை அமுக்கினால் சக்தி மெல்ல ஏறவும், விட்டால் மெல்ல இறங்கவும் அதைப் போடுவார்கள். மெல்ல என்றால் நொடியில் ஆயிரத்தில் ஐந்து பங்கு நேரம், அவ்வளவுதான். அதுதான் என் சிக்னலை மொண்ணையாக்குகிறது என்று முடிவுகட்டி, கட்டிங் பிளேயரால் வெட்டி எறிந்தேன். அப்படி வெட்டினால் சிக்னல் நூறு ஹெர்ட்ஸுக்குள் அடங்காது. குழாயை ஒரேயடியாகத் திறந்தால் குடத்துக்கு வெளியே தண்ணீர் தெறிப்பதைப் போல இரண்டு பக்கமும் ஆயிரம் ஹெர்ட்ஸுக்குத் தெறிக்கும். பக்கத்தில் வேறு யாரையோ கேட்டுக்கொண்டிருப்பவர் காதில் டக் டக்கென்று விழும். இது எனக்குத் தெரியாததா? பரீட்சையில் எழுதி மார்க்கே வாங்கியிருக்கிறேன். என் செட்டுக்கும் அது பொருந்தும் என்றுதான் தோன்றவில்லை.

தெற்கே, ஆள் குடியில்லாத ஒரு தீவுக்கு ஒரு குழு போய் இரண்டு வாரம் ரேடியோவில் பேசியது அதற்கப்புறம்தான். இந்த மாதிரித் தீவுகளுக்குப் பல வருஷத்துக்கு ஒருமுறைதான் யாராவது போவார்கள். ஒருமுறை பேசிவிட்டால் அந்தத் தீவு நம் கணக்கில் சேரும்; விட்டால் விட்டதுதான். சகலை அந்தத் தீவுக்காகக் காத்துக்கிடந்தார். கம்பியைக் கழற்றி வேறு திசைக்குக் கட்டினார், பள்ளிக்கு லீவு போட்டார். அவருக்கு அது வேண்டும் என்று தெரிந்த நிமிஷத்திலிருந்து எனக்கும் வேண்டும் என்று ஆகிவிட்டது. அதற்கு முன்னால் அந்தத் தீவின் பெயர்கூட எனக்குத் தெரியாது.

கடைசி நாள் ஞாயிற்றுக்கிழமை. எங்கள் ஊரில் தறி ஓடாது, ரேடியோவில் இரைச்சல் குறைவு. சாயங்காலம் நான்கு மணிவாக்கில் தீவு மெலிதாகக் கேட்டது. தீவு ஓரிடத்தில் தட்டும், கூப்பிடுகிறவர்கள் ஆயிரம் ஹெர்ட்ஸ் தள்ளி நின்று தட்ட வேண்டும், அதுதான் வழக்கம். நானும் தட்டினேன், உலகமே தட்டியது. அரைமணி நேரம் கழித்துத் தீவு ஒருவருடைய அழைப்புக்குறியை, அதாவது லைசென்ஸோடு கொடுக்கும் ரேடியோப் பெயரை, திருப்பிச் சொன்னது. என் கை கீயிலேயே நின்றுவிட்டது. அது சகலையுடையது.

அப்போது மற்றவர்கள் வாயை மூடிக்கொள்ள வேண்டும். அது எழுதப்படாத சட்டம், நானே பத்துப் பேருக்குச் சொல்லிக்கொடுத்த சட்டம். நான் கீயை அமுக்கினேன். என் அழைப்புக்குறியைத் தட்டினேன், மறுபடி தட்டினேன், நிறுத்தாமல் தட்டினேன். தீவு இருக்கும் இடத்தில் நான் தட்டவில்லையே, ஆயிரம் ஹெர்ட்ஸ் தள்ளித்தானே தட்டுகிறேன், அவருக்கு என்ன இடைஞ்சல் என்று மனசுக்குள் ஒரு வக்கீல் வாதாடிக்கொண்டிருந்தான். இடையில் ஒரு நொடி நிறுத்திக் கேட்டபோது தீவு இன்னும் சகலையைத்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. அவரிடமிருந்து பதில் இல்லை. திரும்பவும் தட்டினேன். அடுத்து நிறுத்தியபோது தீவு ஒரு ஜப்பான்காரரோடு பேசிக்கொண்டிருந்தது. பிறகு கேட்காமலே போய்விட்டது. எனக்கும் கிடைக்கவில்லை. ஆனால் உண்மையைச் சொன்னால், அன்று சாயங்காலம் எனக்கு நிம்மதியாக இருந்தது.

ஆறு மணிக்கு நானே போன் போட்டேன், ஒன்றும் தெரியாதவன் மாதிரி. "என்னங்க தம்பி, தீவு கெடச்சுதுங்களா?"

"இல்லீங்கண்ணா. கூப்புட்டாங்களாட்ட இருக்குது, எனக்குத்தான் கேக்கல. பக்கத்துத் தோட்டத்து மோட்டாருங்க. ஸ்டார்ட்டர் போச்சோ என்னமோ, டக்கு டக்குன்னு ஒரே சத்தம். உங்களுக்குங்க?"

"எனக்கும் இல்லீங்க."

"செரி போகுது உடுங்கண்ணா. இன்னொருக்கா வருவாங்க."

மோட்டார் என்றதும் எனக்குப் பாரம் இறங்கிவிட்டது. நான் தட்டியதற்கும் அவர் தவறவிட்டதற்கும் சம்பந்தமில்லை என்று அவர் வாயாலேயே வந்துவிட்டதே! அந்த மோட்டாரைப் பிடித்துக்கொண்டு எட்டு வருஷம் சுகமாகத் தூங்கினேன். அந்தத் தீவுக்கு அப்புறம் யாரும் போகவில்லை.

போன ஆவணியில் சகலை போய்விட்டார். பள்ளிக்கூடத்திலிருந்து வந்தவர் நெஞ்சு வலிக்கிறது என்றாராம், ஆஸ்பத்திரி போகும் வழியிலேயே முடிந்துவிட்டது. காரியமெல்லாம் முடிந்தபின் கொழுந்தியாள் அவருடைய ரேடியோவைத் துணியில் சுற்றி என்னிடம் கொடுத்தாள். "உங்ககிட்டத்தான் குடுக்கோணும்னு சொல்லுவாருங்க மாமா" என்றாள். அழுதேன். அழுதுகொண்டே ஒரு யோசனையும் ஓடியது: இந்தப் பெட்டிக்குள் அப்படி என்னதான் வைத்திருந்தார்? செத்த மனுஷனிடம்கூட எனக்கு அது தீரவில்லை.

போன வாரம் அதைத் திறந்து பார்த்தேன். ஒன்றுமில்லை. எல்லோரும் போடுகிற ஃபில்டர்தான். கெப்பாசிட்டர் வெட்டிய என் பழைய டிரான்ஸ்மிட்டரை ஆன்டெனா இல்லாமல் இந்தப் பக்கம் வைத்து, அவருடைய ரிசீவரை அந்தப் பக்கம் வைத்து, ஹெட்போனை மாட்டிக்கொண்டு, அவர் காதில் நான் எப்படித்தான் கேட்டிருப்பேன் என்று தட்டிப் பார்த்தேன். பிறகு ரிசீவரை ஆயிரம் ஹெர்ட்ஸ் தள்ளித் திருப்பினேன். அங்கே எதுவும் கேட்கக்கூடாது. கேட்டது. டக், டக், டக். ஒவ்வொரு புள்ளியின் தொடக்கத்திலும் முடிவிலும் ஒரு டக். ஒவ்வொரு கோட்டுக்கும் அதேபோல. பத்து வினாடிகூட ஆகவில்லை, மோர்ஸ் தெரிந்தவன் காது தானாகவே படித்துவிட்டது. அது என் அழைப்புக்குறி. கடைசிக் கோட்டை நான் கொஞ்சம் இழுப்பேன். அந்த இழுப்புகூட அதில் இருந்தது.

என்னைவிட வேகமாகப் படிக்கிற காது அவருடையது. அந்த ஞாயிற்றுக்கிழமை தீவு அவரைக் கூப்பிட்டபோது அதன்மேல் விழுந்துகொண்டிருந்தது என் பெயர்தான். அதை அவர் ஒவ்வொரு எழுத்தாகப் படித்திருக்கிறார். படித்துவிட்டு, நான் போன் செய்தபோது மோட்டார் என்றார்.

கையோடு கொழுந்தியாளுக்குப் போன் செய்தேன். அந்தத் தீவு தவறிப்போன அன்றைக்கு அவர் ஏதாவது சொன்னாரா என்று கேட்டேன்.

"அதெப்பிடிங்க மாமா மறக்கறது? அன்னிக்குச் சோறே திங்கலீங்க அவரு. என்னாச்சுன்னு கேட்டேன், பக்கத்துத் தோட்டத்து மோட்டாருன்னு சொன்னாருங்க. எனக்கு வந்துச்சே கோவம்! அடுத்த நாள் காலையில போயி அந்தத் தோட்டத்துக்காரரைப் புடிச்சுச் சத்தம் போட்டுப்போட்டு வந்தேன். அவரு என் மோட்டாரு ஓடவேயில்லைன்னு சத்தியம் பண்ணறாரு. இவரு என்னடான்னா, உடு அம்மணி, உடு அம்மணிங்கறாரு. அன்னியிலிருந்து ரெண்டு ஊட்டுக்கும் பேச்சு வார்த்தை இல்லீங்க. இவரு போனப்பக்கூட அவிங்க ஊட்டுல இருந்து ஒருத்தரும் வல்லீங்க மாமா."

தன் மனைவியிடம்கூட என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. எனக்கு அவர்மேல் கோபம் வந்தது. ஒரு வார்த்தை திட்டியிருந்தால் சமமாக இருந்திருப்போம். அந்த இடத்தில் நான் இருந்திருந்தால் அன்றிரவே நாலு ஊருக்குச் சொல்லியிருப்பேன்.

"அது மோட்டார் இல்லை அம்மணி, நான்" என்றேன். விளக்கமாகவும் சொன்னேன்.

"மாமா" என்றாள். "இத எங்கிட்டச் சொன்னாப் பத்தாதுங்க. அந்தத் தோட்டத்துக்காரர்கிட்ட நீங்களே நேர்ல வந்து சொல்லிப்போடுங்க."

ஞாயிற்றுக்கிழமை வாரேன் என்று சொல்லியிருக்கிறேன். அந்தத் தோட்டத்துக்காரரிடம் சொல்ல வேண்டியதையே மூன்று நாளாக எழுதி எழுதி அடிக்கிறேன். எங்கே தொடங்கினாலும் தறி, கெப்பாசிட்டர், மாமனார் வீட்டு இலை என்று இரண்டு பக்கத்துக்கு நீண்டுவிடுகிறது. சகலையாக இருந்தால் நாலே வார்த்தையில் சொல்லி முடித்திருப்பார்.