சும்மா ஓட ஒரு சைக்கிள்

பள்ளிக்கூட ஆசிரியர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு நான் ஆசைப்பட்டது ஒன்றே ஒன்றுக்குத்தான்: மடித்துக் கார் டிக்கியில் வைக்கக்கூடிய மின்சார சைக்கிள். மாலையில் மயிலிட்டி வரை காரில் போய், அதை விரித்து, ஏறிக் கடற்கரை வீதியில் சும்மா ஓட வேண்டும்.

நல்லூர்க் கடையில் எனக்குப் பிடித்த ஒன்று நின்றது. என் கணவர் அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "பின்னாலை சாமான் வைக்கிற கரியர் எங்கை?" என்றார்.

"கரியர் பூட்டினால் மடியாது அண்ணை," என்றார் கடைக்காரர்.

"அப்ப மில்லுக்கு மிளகாய் அரைக்கக் கொண்டு போறது எப்பிடி?"

"நான் மில்லுக்குப் போக வாங்கேல்லை," என்றேன்.

"வேறை எங்கை போகப்போறீர்?"

"ஒரு இடமும் இல்லை. சும்மா ஓடப்போறன்."

கடைக்காரரே என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். வேறு கடைகளும் ஏறி இறங்கினோம். எங்கேயும் இவருக்கு அதே கேள்விதான். எரிச்சலில் திரும்பி வந்து முதலில் பார்த்ததையே வாங்கினேன்.

அடுத்த வாரம் நான் கோயிலுக்குப் போய் வருவதற்குள், இவர் வெல்டிங் கடைக்குக் கொண்டுபோய்க் கரியர் ஒட்டிவிட்டார். எனக்கு உதவி செய்தாராம்! சைக்கிள் மடியவில்லை, டிக்கிக்குள்ளும் போகவில்லை. வாய்க்கு வந்தபடி பேசினேன். அவரோ மிளகாய்ப் பையைக் கரியரில் கட்டிக்கொண்டே, "அப்பிடியே ஒரு சுத்துச் சுத்தீட்டு வாருமன்," என்றார்.

மிளகாய்ப் பையோடு ஓடிப்போன என்னை உடுவில் சந்தியில் தெரிந்த ஒருவர் மறித்தார். "எங்கை ரீச்சர்?"

"மில்லுக்கு."

அவர் கரியரைத் தட்டிப் பார்த்தார். "நல்ல சைக்கிள்."