இரண்டு சில்லு யோர்தான்

நெல் காயப்போட்ட படங்கின், அந்தத் தார்ப்பாய் விரிப்பின், வாசம் தெரியுமா உங்களுக்கு? உமித்தூசியும் டீசலும் கலந்து... மூக்கில் ஏறினால் மூன்று தும்மல் நிச்சயம். எனக்கு அந்த வாசம் வந்தால் அம்மாவின் ஞானஸ்நானம்தான் ஞாபகம் வரும்.

சிரிக்காமல் கேளுங்கள்.

எனக்கு அப்போது பதின்மூன்று வயது. இப்போது பத்தொன்பது. "பழைய கதை சொல்ற வயசாடி உனக்கு?" என்று கேட்கப்போகும் வந்தாறுமூலைப் பல்கலைக்கழக வளாகத்துத் தோழிகளுக்கு... ஓம், இப்போதே தொடங்கிவிட்டேன்.

வவுணதீவுப் பக்கம் எங்கள் ஊர். சபை என்றால் ஒரு தகரக் கொட்டில், பதினெட்டுப் பேர், ஒரு போதகர். அம்மா அங்கே போகத் தொடங்கியது மாமாவுக்குப் பொறுக்கவில்லை. மாமா, அம்மாவின் தம்பி. அம்மன் கோவில் நிர்வாகத்தில் இருப்பவர். வருடச் சடங்கில் எங்கள் குடும்பத்துக்கென்று ஒரு பங்கு உண்டு. சொந்த அக்காவே விலகிப்போனால் அவர் ஊரில் எப்படித் தலைநிமிர்வார்? அந்த நோவு பொய்யில்லை என்று இப்போது விளங்குகிறது. அப்போது நான் செய்ததெல்லாம் அவருடைய மோட்டார்சைக்கிள் பிளக்கைக் கழற்றி அரிசிமாப் பேணிக்குள் ஒளித்ததுதான்.

எங்கள் சபையில் ஞானஸ்நானம் என்றால் முழுதாக மூழ்கி எழும்ப வேண்டும். அம்மாவோடு இன்னும் இரண்டு பேர். இரண்டு ஞாயிறு வாவிக்குப் போனோம்; ஊர்வாயில் அது ஆறு. இரண்டு ஞாயிறும் மாமாவும் கூட்டாளிகளும் துறையை மறித்து நின்றார்கள்.

"இந்த ஆத்துல இறங்க விடமாட்டம்."

வெள்ளை உடுப்போடு போன மூவரும் நனையாமலே திரும்பினார்கள். அம்மா அந்தச் சேலையைத் திரும்பவும் மடித்து வைத்ததை நான் பார்த்துக்கொண்டிருந்தேன்... அழவில்லை. மடிப்பு மட்டும் கொஞ்சம் கூடுதல் இறுக்கம்.

என் வாய் சும்மா கிடக்குமா?

"யோகன் அண்ணன்ட மெசின் பெட்டிக்குள்ள படங்க விரிச்சுத் தண்ணிய நிரப்பினா ஆறே நம்மட வளவுக்கு வந்திரும்."

பகிடிக்குத்தான் சொன்னேன். அம்மா திரும்பிப் பார்த்தார்.

"பெட்டி ஒழுகுமா புள்ள?"

மூன்றாம் ஞாயிறு. சபை வளவில், எங்களோடு சபைக்கு வரும் யோகன் அண்ணன் நெல் ஏற்றும் உழவு மெசின் பெட்டி, டிராக்டர் இழுக்கும் இரண்டு சக்கரப் பெட்டி. உள்ளே படங்கு. கிணற்றிலிருந்து பெட்டி வரை எல்லோரும் வரிசையாக நின்று வாளியைக் கைமாற்றினோம். முழந்தாளில் நின்றால் இடுப்புக்கு மேல் வரும் அளவுக்குத் தண்ணீர். பெயர் வைக்கும் வேலை என்னுடையது. இயேசு மூழ்கி எழும்பியது யோர்தான் ஆறு; இது இரண்டு சில்லு யோர்தான். போதகரே சிரித்துவிட்டார்.

எல்லாம் முடிந்தபின் பின்கதவின் கொளுக்கியைக் கழற்றித் தண்ணீரைத் திறந்துவிடும் பொறுப்பும் எனக்கே. யோசனை சொன்னவளுக்குப் பரிசாம்.

முதல் இரண்டு பேரும் மூழ்கி எழும்பினார்கள். அம்மா ஏறி முழந்தாளிட்ட நேரம் மோட்டார்சைக்கிள் சத்தம். மாமாவும் நான்கு கூட்டாளிகளும். நேரே வந்து பின்கதவுக்கு எதிரே நின்றார்கள்.

"என்னகா, விதைநெல்லு ஊறப்போடுறீங்களா?" என்றார் மாமா. கூட்டாளிகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

அம்மா தண்ணீருக்குள் இருந்தபடியே சொன்னார்: "ஓம் தம்பி. முளைக்கணும் எண்டுதான் ஊறப்போடுற."

சிரிப்பு நின்றது.

என் கையோ கொளுக்கியில்... ஒரே ஒரு இழுப்பு. ஐந்து பேரும் குளித்துக்கொண்டே வீடு போவார்கள். கழற்றக்கூடிய எதைக் கண்டாலும் கழற்றிப் பழகிய கை. உள்ளே அம்மா இருப்பதைக்கூட ஒரு கணம் மறந்திருந்தேன்.

"மகள்... கைய எடு" என்றார் அம்மா.

எடுத்தேன். வாழ்நாளிலேயே நான் செய்யாமல் விட்ட ஒரே குறும்பு அது.

எடுத்தும் என்ன? கதவு தானாக முனகியது. தண்ணீர்ப் பாரத்தில் கொளுக்கி மெல்ல நிமிர்ந்தது, படங்கு வயிறு போல வெளியே தள்ளியது. திறந்தால் அம்மா தண்ணீரோடு தலைகீழாக நிலத்தில். நான் இரண்டு கையாலும் தள்ளினேன். அது என்னைத் தள்ளியது.

மாமா பாய்ந்து வந்தார். கதவில் முதுகைக் கொடுத்து, காலைத் தரையில் ஊன்றினார். கழுத்து நரம்பு புடைத்தது.

"ஐயா, என்ன பார்த்துக்கொண்டு நிக்கிறீங்க? கெதியா முக்கி எடுங்க."

போதகர் அவசரத்தில் பாதி ஜெபத்தை விழுங்கிவிட்டார் என்பது என் சந்தேகம். அம்மா மூழ்கினார். எழும்பினார்.

"அக்கா இறங்கிற்றாவா?"

"இறங்கிற்றன் தம்பி."

அவர் விலகினார். கதவு பிளந்தது. முழு யோர்தானும் மாமா உடுத்திருந்த சாரத்தில். அவர் சாரத்தைப் பிழிந்தார், எவரையும் பார்க்காமல் போனார்.

மனம் மாறினார் என்று நினைக்கிறீர்களா? அடுத்த கிழமை சபையை மூடச் சொல்லி ஊரார் எழுதிய மனுவில் முதல் கையெழுத்து அவருடையது.

நாங்கள் மூடவில்லை. இப்போது சபையில் நாற்பது பேர். பின்னால் தரையோடு இறக்கிக் கட்டிய சீமெந்துத் தொட்டி, நீலத் தரையோடு. மோட்டர் போட்டால் அரை மணித்தியாலத்தில் நிறையும். எவரும் வாளி கைமாற்றுவதில்லை... அந்த வரிசையைத்தான் தேடுகிறேன். மனுக்கள் மட்டும் நிற்கவில்லை. போன மாதமும் ஒன்று.

வருகிற ஞாயிறு நான் இறங்குகிறேன். மாமாவுக்குச் சேதி வேறு வாயால் போகக்கூடாது என்று வட்டைக்கு நானே போனேன். வரம்பில் நின்று வயலைப் பார்த்துக்கொண்டிருந்தார். சொன்னேன்.

மண்வெட்டியை வரம்பில் குத்தி நிறுத்தினார்.

"திரும்பவும் பெட்டியிலயா?"

"இல்ல மாமா. தொட்டியில."

"கதவு இருக்கா அதுக்கு?"

"இல்ல. சுத்தவர சீமெந்து."

"அப்ப எனக்கு அங்க வேலை இல்ல" என்று மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

சரிதான். அந்தத் தொட்டிக்கு எவரும் முதுகு கொடுக்கத் தேவையில்லை. அவர் வந்தாலும் வராவிட்டாலும் காலை எட்டு மணிக்கு நான் தண்ணீருக்குள்.

ஆனாலும் யோகன் அண்ணனிடம் சொல்லி, தொட்டியின் பின்பக்கம் உட்கார்ந்து பார்க்க ஒரு கதிரை போட வைத்திருக்கிறேன். தண்ணீர் தெறிக்காத தூரத்தில்.