மூக்கு லாரிக்குப் பழைய முகம்

ஒரு பொருள் புதிதாக இருந்தால் நல்லதா, பழையதாக இருந்தால் நல்லதா என்று யாராவது கேட்டால் எனக்கு இன்றைக்கும் குழப்பமாகத்தான் இருக்கிறது. அந்தக் குழப்பத்தை ஆரம்பித்து வைத்தவர் என் அப்பா. அப்போது நான் இரண்டாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். ஈஜிபுராவில் ஒரு வீட்டின் முதல் மாடியில் அப்பா, அம்மா, தாத்தா, நான் என்று நாலு பேர் குடியிருந்தோம். அப்பா ஒரு ஆபீசில் கணக்குப் பிரிவில் வேலை பார்த்தார். வீட்டில் டியூப்லைட் போனால்கூட எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுகிறவர் அவர். அப்படிப்பட்ட மனிதர் திடீரென்று ஒரு லாரி இன்ஜினைக் கட்டிக்கொண்டு அழ ஆரம்பித்தார்.

லாரி தாத்தாவுடையது. இன்ஜின் முன்னால் மூக்குபோல நீட்டிக்கொண்டிருக்கும் அந்தக் காலத்து மூக்கு லாரி. ஊரே டீசலுக்கு மாறிய பிறகும் தாத்தா பிடிவாதமாக அதைப் பெட்ரோலில்தான் ஓட்டினாராம். கடைசியில் கட்டுப்படியாகாமல், அத்திபெலேவில் ஷெட் வைத்திருந்த மெக்கானிக் பாயிடம் அதை விட்டுவிட்டு வீட்டோடு இருந்துவிட்டார். இதெல்லாம் நான் பிறப்பதற்கு வெகுகாலம் முந்தி நடந்தவை.

எனக்குத் தெரிந்த தாத்தாவுக்கு எல்லாமே மறந்துகொண்டிருந்தது. அம்மாவை 'டீச்சர்' என்பார். என்னை அத்தையின் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். எங்களுக்காவது இப்படி ஒரு இடம் கொடுத்திருந்தார். அப்பாவுக்கு அதுவும் இல்லை. அப்பா ஆபீஸ் விட்டு வந்ததும் தாத்தா நாற்காலியிலிருந்து எழுந்து நின்று, "வாங்க சார், உக்காருங்க. தூரத்துலேர்ந்து வர்றீங்களா? டீ சாப்டுறீங்களா?" என்று உபசரிப்பார். தன் மகனிடம் தாத்தா அதுவரை இவ்வளவு மரியாதையாகப் பேசியதே இல்லையாம். "இப்பதான் குடிச்சேன்" என்று சொல்லிவிட்டு அப்பா உள்ளே போய்விடுவார். எனக்கு அது வேடிக்கையாக இருக்கும். அம்மா என்னை ஏன் முறைக்கிறாள் என்று தெரியாது.

பழைய பொருள்களைக் காட்டிப் பேச்சுக் கொடுங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அப்பா தன் கல்யாண ஆல்பத்தைக் காட்டினார். தாத்தா ஒவ்வொரு பக்கமாகப் பொறுமையாகப் பார்த்துவிட்டு, "நல்ல கல்யாணம். சாப்பாடு எப்படி சார்?" என்று கேட்டார். அன்றைக்குத்தான் அப்பாவுக்கு லாரி நினைப்பு வந்திருக்க வேண்டும். இன்ஜினைத் திறந்து காட்டினால் தாத்தாவுக்கு எல்லாம் திரும்பி வந்துவிடும், தன்னை நிமிர்ந்து பார்த்து ஒரு தடவையாவது பெயர் சொல்லிக் கூப்பிடுவார் என்று நம்பினார். அதற்கு மேல் அவருக்கு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அத்திபெலே போக ஆரம்பித்தோம். லாரி ஷெட்டின் பின்பக்கம் நின்றது. டிரைவர் சீட்டில் கோழி அடை காத்துக்கொண்டிருந்தது. பாய் கோழியைக் கும்பிட்டு இறக்காத குறையாக இறக்கிவிட்டு வேலையைத் தொடங்கினார். சில மாதங்களில் இன்ஜின் ஓடியது. ஓடியதோடு விடாமல், பாய் அதைக் கல்யாண மாப்பிள்ளை மாதிரி ஜோடித்தும் விட்டார். உடம்பு முழுக்க வெள்ளி நிற ஸ்ப்ரே பெயின்ட், சிவப்பு ரப்பர் பைப், பல கலரில் பிளாஸ்டிக் ஒயர், பளபளவென்று புதுக் கிளிப்புகள். நான் கை தட்டினேன். அப்பா பூரித்துப்போய் எல்லோருக்கும் ஜிலேபி வாங்கிக் கொடுத்தார்.

வினை அந்த ஜிலேபியோடு நிற்கவில்லை. அப்பாவின் ஆபீசில் ஒரு பெரிய அதிகாரி இருந்தார், மல்லேஸ்வரத்துக்காரர். சிலர் நாய் வளர்ப்பதுபோல வீட்டில் பழைய கார் வளர்க்கிறவர். பெருமை தாங்காமல் அப்பா அவரை அழைத்துவந்து காட்டினார். அவர் லாரியின் மூக்கைத் திறந்து பார்த்ததும் சாவு வீட்டுக்கு வந்தவர்போல 'ச்சு' கொட்டினார்.

"என்ன சுவாமி, எல்லாத்தையும் புதுசு பண்ணிட்டீங்களே! இது எந்தக் காலத்து வண்டியோ அந்தக் காலத்து வண்டியாவே இருக்கணும். கம்பெனிலேர்ந்து வந்த அன்னிக்கு எப்படி இருந்துச்சோ, அப்படி!"

ஒரு பழைய புத்தகத்திலிருந்து அந்த இன்ஜினின் படத்தை நகலெடுத்தும் கொடுத்தார். அப்பா அதை பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கையோடு கொண்டு திரிந்தார். அன்றிலிருந்து எல்லாம் தலைகீழாக நடந்தது. புது பெயின்டைச் சுரண்டி எடுத்துவிட்டு, அழுக்குத் தண்ணீர் நிறத்தில் ஒரு பெயின்டைப் பிரஷ்ஷால் பூசினார்கள். அதுவும் வழவழப்பாக இருக்கக்கூடாதாம், பிரஷ் தடம் தெரிய வேண்டுமாம். பிளாஸ்டிக் ஒயரை அந்தக் காலத்தில் யார் கண்டார்கள் என்று, ஒவ்வொரு ஒயருக்கும் மேலே கறுப்புப் பருத்தி நூலைப் பின்னிச் சுற்றினார்கள். அந்த வேலை அம்மாவின் தலையில் விழுந்தது. அம்மா சமையலறையில் உட்கார்ந்து, தனக்கு ஜடை பின்ன நேரமில்லை, லாரிக்குப் பின்னிக்கொண்டிருக்கிறேன் என்று சொல்லிக்கொண்டே பின்னினாள். தலையில் கூட்டல் குறி போட்ட ஸ்க்ரூக்கள் அந்தக் காலத்து வண்டியில் கிடையாதென்று அவற்றைக் கழற்றி, நடுவில் ஒற்றைக் கோடு மட்டும் கீறிய பழைய ஸ்க்ரூக்களைத் தேடிப் பொருத்தினார்கள். பழைய ஸ்க்ரூ துருப்பிடித்திருந்தது. அந்தத் துருவை மண்ணெண்ணெய் விட்டுத் தேய்த்துப் புதிதாக்கினார்கள்.

இந்த இடத்தில்தான் எனக்குத் தலை சுற்றியது. புதியதைக் கழற்றிப் பழையதைப் போடுகிறார்கள், சரி. அப்புறம் அந்தப் பழையதை எதற்குப் புதியதாக்குகிறார்கள்? இன்ஜின் இப்போது புதியதா, பழையதா? அப்பாவிடம் கேட்டேன். பழையதுதான், ஆனால் புதியதாக இருந்தபோது இருந்த பழையது என்றார். பள்ளிக்கூடத்தில் இப்படிப் பதில் எழுதினால் டீச்சர் சுழித்துவிடுவார்.

பாய்க்கும் ஏறக்குறைய என் நிலைமைதான். "பழச புதுசாக்குறது நம்ம தொழில் சார். புதுச பழசாக்குறதுக்கு நம்மகிட்ட டூல்ஸ் இல்ல" என்று சலித்துக்கொண்டார். பூசிய நிறம் சரிதானா என்பதில் மட்டும் அப்பாவுக்குக் கொஞ்சம் சந்தேகம் இருந்தது. தாத்தாவையே கேட்டார். தாத்தா ஒரு நாள் பச்சை என்றார், இன்னொரு நாள் சிவப்பு என்றார். மூன்றாவது தடவை கேட்டதற்கு, "உங்க வண்டி கலர் எனக்கு எப்படி சார் தெரியும்?" என்று நியாயமாகவே கேட்டார். அப்பா படத்தையே நம்புவதென்று முடிவு செய்தார்.

தாத்தாவை அழைத்துப் போன அன்று நல்ல சித்திரை வெயில். எங்கள் சின்னக் காரில் தாத்தா முன் சீட்டில் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அம்மா தயிர்சாதக் கூடையோடும் என்னோடும் பின்னால் இருந்தாள். ஷெட்டில் பாய் லாரியைக் கழுவி வெளியே நிறுத்தியிருந்தார். அம்மா மூக்கின் மேல் குங்குமம் வைத்தாள், சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்தாள். அப்பா மூடியைத் திறந்துவிட்டு, இன்ஜினுக்குப் பக்கத்தில் போட்டோவுக்கு நிற்பதுபோல நின்றுகொண்டார். தாத்தா இன்ஜினைப் பார்க்கும் அதே பார்வையில் தன்னையும் பார்த்துவிட வேண்டும் என்று அப்படி நின்றிருக்கிறார். இது அம்மா பல வருஷம் கழித்து எனக்குச் சொன்னது.

தாத்தா கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வந்து பார்த்தார். பெயின்டைப் பார்த்தார், அம்மா பின்னிய ஒயரைப் பார்த்தார். அப்பாவையும் பார்த்தார்.

"அருமையா வெச்சிருக்கீங்க சார்" என்றார். "யார் வண்டி?"

அப்பா சிரித்தார். அந்த மாதிரிச் சிரிப்பை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. எனக்கு என்னவோ பயமாக இருந்தது. அம்மா தாத்தாவை நிழலில் நாற்காலி போட்டு உட்காரவைத்தாள். பேச்சை மாற்றுவதற்காகவோ என்னவோ, பாய் இன்ஜினை ஸ்டார்ட் செய்தார். கொஞ்ச நேரம் உறுமிவிட்டு, விக்கி, நின்றுவிட்டது. மறுபடி ஸ்டார்ட் செய்தார், மறுபடி நின்றது. பெட்ரோல் பைப்பைக் கழற்றி வாயால் ஊதிப் பார்த்தார். அப்பா அந்த இன்ஜின் படத்தை எடுத்து வைத்துக்கொண்டு அதில் ஏதாவது விடை இருக்கிறதா என்று தேடினார்.

"டேய்!"

யார் கத்தியது என்று எனக்கு முதலில் தெரியவில்லை. தாத்தாவுக்கு அப்படி ஒரு குரல் இருப்பதே எனக்குத் தெரியாது. நாற்காலியை விட்டு எழுந்து விடுவிடுவென்று வந்தார். நேராக அப்பாவிடம்தான் வந்தார்.

"பம்புல ஈரத்துணி எங்கடா?"

படத்தில் துணி எதுவும் இல்லையே என்று சொல்ல வாயெடுத்தார் அப்பா. பாய் அதற்குள் தலையில் அடித்துக்கொண்டு சிரித்துவிட்டார். "அரே, ஆமா சார்! எங்க வாப்பா சொல்வாரு!" வெயில் காலத்தில் பெட்ரோல் பம்ப் சூடாகி, உள்ளே இருக்கும் பெட்ரோல் ஆவியாகிவிடுமாம். வண்டி விக்கி நின்றுவிடும். அதனால் பம்பின் மேல் ஈரத்துணியைச் சுற்றி வைப்பார்கள். அது காயக் காயத் தண்ணீர் ஊற்றுவது கிளீனர் வேலை. கம்பெனி இருந்த நாட்டில் நம்மூர் வெயில் இல்லாததால், கம்பெனிப் படத்தில் அது இல்லை.

அம்மா கூடையிலிருந்து துண்டை எடுத்து நனைத்துக் கொடுத்தாள். அப்பா குனிந்து பம்பின் மேல் சுற்றினார்.

"இறுக்கிக் கட்றா. சேலம் போற வரைக்கும் அவுரக் கூடாது. புதுசா வேலைக்கு வந்தவனா நீ?"

அப்பா முடிச்சை இறுக்கினார். அப்புறம், "ஆமாண்ணே" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தன் அப்பாவைப் போய் யாராவது அண்ணன் என்பார்களா? தாத்தாவின் வியாதி அப்பாவுக்கும் ஒட்டிக்கொண்டது என்று நினைத்து, அம்மாவின் புடவையைப் பிடித்து இழுத்தேன். "அப்பாவுக்கும் மறந்துடுச்சாம்மா?" அம்மா என் வாயைப் பொத்தினாள்.

இன்ஜின் இப்போது நிற்காமல் ஓடியது. தாத்தா அதன் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டார். பிறகு லாரியின் படியில் ஏறி உட்கார்ந்துகொண்டு, "சாப்ட்டியாடா?" என்று அப்பாவைக் கேட்டார். அப்பா தண்ணீர் பாட்டிலோடு இன்ஜினுக்குப் பக்கத்திலேயே நின்றார். தாத்தா இவ்வளவு நாள் பேசாததையெல்லாம் சேர்த்துவைத்துப் பேசினார். தொப்பூர் இறக்கத்தைப் பற்றிப் பேசினார், ஓசூர் செக்போஸ்ட்டைப் பற்றிப் பேசினார். அதற்குப் பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"வீட்ல ஒருத்தன் இருக்கான்டா. என் பையன். ஹார்ன் சத்தம் கேட்டா போதும், தெருமுனைக்கு ஓடியாந்து நின்னுக்குவான். என்னையும் ஏத்திக்கோ, ஏத்திக்கோன்னு அழுவான். ஒரு வாட்டிகூட நான் ஏத்தல."

"ஏண்ணே?" என்றார் அப்பா.

"ஏத்தினா எறங்கமாட்டான்டா. என்ன மாதிரியே வண்டிப் பைத்தியம். அப்புறம் அவனும் இப்படி ரோட்டுலயே கெடக்கணும். அதான் ரெண்டு அதட்டு அதட்டிட்டுக் கெளம்பிடுவேன். கண்ணாடில அவன பாத்துனே போவேன். மறையற வரைக்கும் அங்கயேதான் நிப்பான். ஓசூர் தாண்டுற வரைக்கும் எனக்கு மனசு கேக்காது."

இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. அப்பா துணியில் தண்ணீர் ஊற்றினார். துணி ஏற்கெனவே சொட்டிக்கொண்டுதான் இருந்தது.

"அவங்கிட்ட சொல்லிடாதடா" என்றார் தாத்தா. "தலைமேல ஏறி உக்காந்துக்குவான்."

"சொல்லமாட்டேண்ணே" என்றார் அப்பா. அதற்குப் பிறகு வெகுநேரம் இன்ஜினுக்குள் தலையை விட்டுக்கொண்டு நின்றார். அங்கே பார்ப்பதற்கு அப்படி என்ன பாக்கி இருந்தது என்று எனக்குத் தெரியவில்லை.

திரும்பி வரும்போது ஓசூர் ரோட்டில் வழக்கம்போல வண்டிகள் ஊர்ந்துகொண்டிருந்தன. தாத்தா முன் சீட்டில் தூங்கிவிட்டார். ஏறும்போதே "ரொம்ப தேங்க்ஸ் சார்" என்று அப்பாவிடம் சொல்லிவிட்டுத்தான் ஏறினார். எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. இவ்வளவு பாடுபட்டும் தாத்தாவுக்கு அப்பாவை அடையாளம் தெரியவில்லை. ஒரு தடவைகூடப் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. அப்பா அழ வேண்டிய நேரம் இது. அவரோ ஸ்டியரிங்கில் தாளம் போட்டுக்கொண்டு வந்தார்.

என் கவலையெல்லாம் அந்தப் பையனைப் பற்றித்தான். அத்தையைத் தெரியும், அப்பாவைத் தெரியும். தாத்தாவுக்கு இன்னொரு பையன் இருப்பதை யாருமே எனக்குச் சொல்லவில்லை. இந்த வெயிலில் எந்தத் தெருமுனையில் நின்று அழுதுகொண்டிருக்கிறானோ. நம் காரில் எனக்குப் பக்கத்தில் ஒரு ஆள் தாராளமாக உட்காரலாம்.

"அப்பா, அந்தப் பையனை நாமளாவது போய் ஏத்திக்கலாமா?"

அம்மா சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அப்பா இண்டிகேட்டர் போட்டு, காரை மெதுவாக ஓரம் கட்டி நிறுத்தினார். பின்னால் வந்த வண்டிகளெல்லாம் ஹார்ன் அடித்தன. அப்பா ஸ்டியரிங்கின் மேல் நெற்றியை வைத்துக்கொண்டு அப்படியே இருந்தார். எதற்காக நிறுத்தினார் என்று எனக்குப் புரியவில்லை. இங்கேதான் அந்தப் பையன் நிற்கிறான்போலிருக்கிறது என்று நினைத்து, நான் கண்ணாடியை இறக்கி வெளியே எட்டிப் பார்த்தேன்.