சிரிப்புக்கு முந்திய கணம்

அந்த ஆங்கில நகைச்சுவைத் தொடரின் முதல் பருவம் இப்போது இறுவட்டுகளாக வந்திருக்கிறது. களுவாஞ்சிக்குடி வீட்டில் தனியாக இருந்து போட்டுப் பார்த்தேன். வசனங்களுக்கு இடையே பலர் சேர்ந்து சிரிக்கும் அதே சத்தம்.

குவைத்தில் வீட்டுவேலை செய்த அம்மா, புறப்படும்போது அந்த வீட்டாரிடம் கேட்டு வாங்கிவந்த, இதே தொடரின் வீடியோ கசற்றில் சவர்க்கார வாசம் அடிக்கும். அதைப் போட்டால், அந்தச் சிரிப்பு எழுவதற்கு ஒரு கணம் முன்பே அம்மா சிரித்துவிடுவார்.

“உங்களுக்கு இங்கிலீசு விளங்குமாம்மா?”

“எங்க மகன் விளங்குற! அங்க குசினிக்குள்ள தனியக் கிடக்கக்குள்ள இந்தச் சத்தம்தான் கேக்கும். நானும் சேந்து சிரிப்பன்.”

எனக்கு ஆங்கிலம் நன்றாகவே விளங்கும். ஒரு பகிடிக்கும் சிரிப்பு வரவில்லை. ஒவ்வொரு சிரிப்புக்கும் முந்திய அந்த ஒரு கணத்தில் மட்டும், வீடு தாங்கமுடியாத அமைதியாக இருந்தது.