தாஜ் நிஷாவின் ஒரே மாணவி

மகள் ரிதாவுக்குச் சளி என்று அம்மா தாஜ் நிஷா எழுதும் விடுப்புக் கடிதத்தைத் தலைமையாசிரியை தாஜ் நிஷா படித்துப் பார்த்து நிராகரிக்கிறார். “சளிக்கெல்லாம் லீவு சாங்ஷன் பண்ண முடியாது” என்று அடுப்பைப் பார்த்துச் சொல்லிவிட்டு, மிளகு ரசம் வைக்கப் போகிறார்.

கலிஃபோர்னியாவின் டப்ளின் நகரில் வசித்தபோது தொற்றிக்கொண்டது இது. அந்த மாநிலத்தில் பிள்ளைக்கு வீட்டிலேயே பாடம் சொல்லும் பெற்றோர் பலர் தங்களைத் தனியார் பள்ளியாகவே பதிந்துகொள்கிறார்கள். ஆண்டுதோறும் அரசுக்கு ஓர் உறுதிமொழிப் படிவம் அனுப்ப வேண்டும். தலைமையாசிரியர் யார், ஆவணங்களுக்குப் பொறுப்பு யார் என்ற கேள்விகளுக்கெல்லாம் தன் பெயரையே எழுதியவர், அதை நம்பியும்விட்டார். கணவர் அல்தாப் பெற்றோர் கூட்டத்துக்குக் கைலியோடு வந்தால் உள்ளே விடுவதில்லை.

இந்தக் கூத்துக்குக் காரணம் சிரிப்புக்குரியதல்ல. சத்தமான வகுப்பில் ரிதா வாயே திறக்கவில்லை. இவள் இப்படித்தான் என்று பள்ளி முடிவுகட்டியது. தாஜ் நிஷா வீட்டுக்கு அழைத்துவந்துவிட்டார். இன்று அவள் கணீரென்று வாசிக்கிறாள். அதை வெளியாள் ஒருவர், முடிந்தால் அரசாங்கமே, ஒருமுறை கேட்டுவிட வேண்டும். வேறு ஆசை அவருக்கு இல்லை.

அல்தாபின் வேலை டெக்சாஸுக்கு மாறியது. அங்கே கேட்டி என்ற ஊருக்குக் குடிவந்ததும் தாஜ் நிஷா மாநிலச் சட்டத்தை வரிவரியாகப் படித்தார். வாசிப்பு, எழுத்துக்கூட்டல், இலக்கணம், கணக்கு, நல்ல குடிமைப் பண்பு ஆகியவற்றை உண்மையாகக் கற்பித்தால் போதும். பதிவு இல்லை, படிவம் இல்லை, சோதிக்க வருபவரும் இல்லை. நம்பாமல் கல்வித் துறை அலுவலகம் ஒன்றைத் தொலைபேசியில் அழைத்தார். ஒன்றும் அனுப்ப வேண்டாம் என்றாள் அங்கிருந்த பெண். என் பெயரையாவது குறித்துக்கொள்ளுங்கள் என்று கெஞ்சினார். அவள் இந்த நாள் இனிதாகட்டும் என்று வாழ்த்திவிட்டுத் தொலைபேசியை வைத்துவிட்டாள்.

“யாரும் வந்து செக் பண்ண மாட்டாங்க நிஷா. சந்தோஷப்படு” என்றார் அல்தாப்.

“அப்ப இவ பேசுறான்னு யாருங்க சொல்லுவா?”

“நான் சொல்றேனே.”

“நீங்க பேரண்ட். பேரண்ட் சொல்றத ஸ்கூல் ஏத்துக்காது.”

சென்ற வாரம் எறும்பு மருந்து அடிக்க ஒருவர் வந்தார். கழுத்தில் அடையாள அட்டை தொங்கியது. தாஜ் நிஷாவுக்கு அது போதும். எறும்பு எங்கே என்று அவர் கேட்க, முதலில் என் மாணவி ஒரு பக்கம் வாசிப்பாள், தயவுசெய்து உட்காருங்கள் என்றார் இவர். “மாம், ப்ளீஸ்” என்று முனகிய ரிதா, பிறகு வாசித்தாள், மாடிவரை கேட்கும் குரலில். மருந்துக்குழாயை மடியில் வைத்துக்கொண்டு கடைசி வரிவரை கேட்ட மனிதர், “குட் ஜாப்” என்றார்.

தாஜ் நிஷா மதிப்பெண் பட்டியலில் ‘ஆய்வாளர் கையொப்பம்’ என்ற இடத்தைக் காட்டி, பேனாவின் மூடியைக் கழற்றி அவரிடம் நீட்டினார்.