மேலே பரட்டை, கீழே மொட்டை

எங்கள் தெருவில் யார் வீட்டு விசேஷத்துக்கும் மாவிலை என் மரத்திலிருந்துதான் போகும். காதுகுத்தோ கடைதிறப்போ, விடியும் முன்பே யாராவது என் காம்பவுண்டு சுவரில் தொங்கிக்கொண்டிருப்பார்கள். சோம்பேறிகள். ஏணி கொண்டுவந்து ஏறுகிற ஆள் ஒருத்தரும் கிடையாது. கைக்கு எட்டுகிற கொப்பை மட்டும் ஒடிப்பார்கள். ஒடித்து ஒடித்து மரம் கீழே மொட்டையாகவும் மேலே பரட்டையாகவும் ஆகிவிட்டது. என் தலைக்கு நேர் எதிர். அந்தப் பரட்டை வாசலில் இருந்த தெருவிளக்கை முழுங்கிவிட்டது.

விளக்குக்குக் கீழே தெருவுக்குக் குறுக்கே ஓடும் வாறுகாலை, அதாவது சாக்கடையை, மூடியிருந்த சிமெண்டு சிலாப்பு உடைந்து கிடந்தது. எதிர் வீட்டுப் பெண் ஜவுளிக்கடை வேலை முடிந்து இருட்டிய பிறகு அதைத் தாண்டித்தான் வர வேண்டும். குற்றாலத்தில் சீசன் தொடங்கி இங்கேயும் சாரல் விழ ஆரம்பித்த வாரம், அவள் கால் உள்ளே போய்விட்டது. மறுநாள் முழங்காலில் கட்டோடு என் வாசலில் நின்றாள்.

"அண்ணாச்சி, இன்னொரு மட்டம் விழுந்தேன்னா வேலை போயிரும். நாள் முச்சூடும் நின்னுக்கிட்டே பாக்குத வேலை. அந்தக் கொப்பக் கழிச்சு விடுங்க."

"சாரல் நிக்கட்டும்மா" என்றேன். கூடவே மரங்களின் மகிமை பற்றியும் கொஞ்சம் பேசினேன். மரம் நடுவிழாவில் பேசி ஒரு சால்வை வாங்கிய வாய் அது, சும்மா இருக்காது.

"மரத்த வெட்டவா சொன்னேன்? வெளக்கு தெரிஞ்சாப் போதும்" என்று சொல்லிவிட்டு நொண்டிக்கொண்டே போனாள்.

ரோஷம் வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாரல் விட்டு வெறித்த நேரம் பார்த்து ஏணியைச் சாத்தினேன். தெருவே கூடிவிட்டது. அவள் விழுந்த அன்று டிவி சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொண்ட அதே தெரு.

"என்னவே, கொப்ப வெட்டிட்டா தையில எம்மவ கல்யாணத்துக்கு மாவெலைக்கு எங்க போவேன்?" என்றார் மூலைக்கடை பலசரக்குக்காரர்.

"ஒம்ம கடையிலதான் பிளாஸ்டிக் தோரணம் விக்கீருல்லா, அதக் கட்டும்."

"வழுக்கும்வே, எறங்கும். ஒம்ம வயித்தத் தூக்கவே தனி ஆளு வேணும்."

போட்டோ எடுக்கப் போட்டி நடந்தது. ஏணியைப் பிடிக்க ஒரு ஜீவன் வரவில்லை. பார்த்தாலே குற்றவாளி போலத் தெரிந்த ஒரு தடிக் கொப்பை மூச்சிரைக்க அறுத்துத் தள்ளினேன். கைதட்டினார்கள். நானும் வெட்கமில்லாமல் கும்பிட்டேன்.

சாயங்காலம் விளக்கு எரிந்தது. வேடிக்கை பார்க்கத் தெரு மறுபடியும் கூடியது. வெளிச்சம்தான் வரவில்லை, பழையபடி இருட்டு. எரியாத விளக்கை எது மறைக்கிறது என்று பட்டப்பகலில் கண்டுபிடித்த மேதை நான். போனது என் பைக்குக்கு நிழல் தந்த கொப்பு. விளக்கை மூடியிருந்த பொடிக் கொப்புகள் பின்னால் சௌக்கியமாக ஆடிக்கொண்டிருந்தன.

"நான் அப்பமே சொன்னேம்லா" என்றார் பலசரக்குக்காரர். ஒரு மண்ணும் சொல்லவில்லை.

அந்த நேரத்தில் அவள் கடையிலிருந்து வந்தாள். அண்ணாந்து பார்த்தாள். என்னையும் பார்த்தாள்.

"வெளக்கு எரியும்போதுல்லா வெட்டணும்? ஏறுங்க அண்ணாச்சி. நான் இங்கன நின்னு சொல்லுதேன்." பலசரக்குக்காரர் பக்கம் திரும்பினாள். "சும்மாதான நிக்கிய? ஏணியப் புடிங்க."

பிடித்தார். உலகத்தையே தாங்குகிற முகத்தோடு.

"வலது பக்கம்... ஒங்க வலது இல்ல, எனக்கு வலது. ஐயே, அது எல, கொப்பப் புடிங்க. ஆங், அதான். இன்னும் கொஞ்சம்."

கடைசிப் பொடிக் கொப்பு விழுந்ததும் வெளிச்சம் மொத்தமாகக் கீழே இறங்கியது. எல்லாரும் "ஆகா" என்றார்கள். அவள் மட்டும் வாறுகாலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். மத்தியானம் நான் அறுத்துத் தள்ளிய தடிக் கொப்பு சிலாப்பு உடைந்த இடத்தின் மேலேயே குறுக்கே கிடந்தது. நான் கும்பிட்டதில் அதைக் கவனிக்கவில்லை. கைதட்டிய கூட்டமும் கவனிக்கவில்லை.

"இன்னைக்கும் இருட்டா இருந்திருந்தா, தடுக்கிக் குழிக்குள்ளயே போயிருப்பேன்" என்றாள்.

கூட்டத்துக்கு ஒரே நேரத்தில் வீட்டு ஞாபகம் வந்துவிட்டது. ஏணியைப் பிடித்திருந்த பாவத்துக்குப் பலசரக்குக்காரர் மாட்டிக்கொண்டார். நாங்கள் இருவரும் முக்கி முனகி அந்தக் கொப்பை இழுத்து ஓரத்தில் போடும்வரை அவள் நின்றாள். பிறகு டிபன் பையைத் தோளில் மாட்டி, குழி எங்கே முடிகிறது என்று பார்த்து, நல்ல காலை முதலில் வைத்துத் தாண்டி வீட்டுக்குப் போனாள்.